குளிர்தேசத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம்: விலை யாருடைய சொல்?

பொருளாதாரம் என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடுவது நம் சிற்றிதழ் வாசகர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மொழியின் அதிகாரம், உடலின் அரசியல் என்று ஓயாமல் பேசுகிற நாம் ஒரு விலைச்சீட்டைப் பிரதியாக வாசிக்க மெனக்கெடுவதில்லை. ஜெர்மனியில் வாழும் ஈழத்து நண்பர் ஒருவர் இங்கே வந்திருந்தபோது போகிற போக்கில் சொன்னார்: ‘அங்கை அப்பிளைவிட வாழைப்பழம் மலிவு.’ ஆப்பிள் அந்த ஊர் மரத்தில் காய்ப்பது. வாழைப்பழம் ஈக்வடாரிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ இரண்டு மூன்று வாரம் கப்பலில் வருவது. தூரம் கூடினால் விலை கூடும் என்கிற நம் பொதுப்புத்தியை ஒரு சீப்புப் பழம் கவிழ்த்துவிடுகிறதே, எப்படி?

முதலில் பழம் போகிற வழியைப் பார்த்துவிடலாம். முற்றியும் முற்றாத பச்சைக்காயாகத் தாரை வெட்டி, சீப்புகளாகப் பிரித்துக் கழுவி, 18.14 கிலோ பெட்டியில் அடைக்கிறார்கள். இதென்ன கணக்கு என்றால், அமெரிக்காவின் 40 பவுண்டு. கப்பலில் சுமார் 13, 14 டிகிரிக் குளிர். அதற்குக் கீழே இறங்கினால் தோல் கறுத்துச் சாம்பல் பூத்துப்போகும். மேலே ஏறினால் நடுக்கடலிலேயே பழுத்துவிடும். ஹாம்பர்க், ஆன்ட்வெர்ப் துறைமுகங்களில் இறங்குவதும் காய்தான். பிறகு கூடத்தில் அடைத்து எத்திலீன் வாயு செலுத்தி, ஒரு வாரத்துக்குள் கடைக்காரர் கேட்கிற மஞ்சளுக்குக் கொண்டுவருகிறார்கள். நம்மூர் மண்டியில் புகைமூட்டம் போடுகிற அதே வேலைதான், கருவி மட்டும் வேறு. ஆக, குளிர்தேசத்துக்காரர் கையில் எடுக்கிற ‘பழுத்த பழம்’ அவர் ஊரிலேயே, கால அட்டவணைப்படி உற்பத்தியாவது. ‘இயற்கை’ என்கிற சொல்லை இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடு கையாள வேண்டும். 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் வாழைப்பழம் குறைந்தது 14 சென்டிமீட்டர் நீளமும் 27 மில்லிமீட்டர் தடிமனும் இருக்க வேண்டும், அசாதாரணமாக வளையக்கூடாது என்று சட்டமே போட்டது. பழத்தின் உடலையும் ஒழுங்குபடுத்தியாயிற்று!

இவையெல்லாம் செலவு. செலவைக் கூட்டினால் விலை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஜெர்மனியின் கதையைக் கேட்க வேண்டும். 1957இல் ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அடினாவரின் மேற்கு ஜெர்மனி பிடிவாதமாக நின்று, வாழைப்பழத்துக்கென்று தனி இணைப்பே வாங்கியது. மற்ற உறுப்பு நாடுகளுக்கு 20 சதவீதப் பொது இறக்குமதி வரி. ஜெர்மனிக்கு ஒதுக்கப்பட்ட அளவுக்கு வரியே கிடையாது. போருக்குப் பின் எழுந்து நின்ற நாட்டின் செழிப்புக்கு அடையாளம் மலிவான வாழைப்பழம். கிழக்கு ஜெர்மனியில் அது அபூர்வம். 1989 நவம்பரில் ‘டைட்டானிக்’ என்ற அங்கத இதழ், கிழக்கத்திப் பெண்ணொருத்தி உரித்த வெள்ளரிக்காயைப் பிடித்துக்கொண்டு ‘என் முதல் வாழைப்பழம்’ என்று பூரிப்பதாக அட்டை போட்டது. சிரிப்பு வருகிறது, ஆனால் வக்கிரமான சிரிப்பு. சுதந்திரம் என்ற பெரிய சொல்லே அங்கே பழக்கடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரான்சும் பிரிட்டனும் வேறு கணக்கு வைத்திருந்தன. மார்த்தினீக், குவாதலூப், ஜமைக்கா, விண்ட்வர்ட் தீவுகள் என்று தம் ஆளுகையிலிருந்த, முன்பு இருந்த இடங்களின் பழத்துக்கே முதல் இடம். 1993 ஜூலையில் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதி வந்தது. லத்தீன் அமெரிக்க ‘டாலர் வாழை’ ஆண்டுக்கு 20 லட்சம் டன் வரை, டன்னுக்கு 100 எக்யூ வரியோடு (யூரோவுக்கு முந்தைய கணக்குப் பணம்) வரலாம்; அதற்கு மேல் 850 எக்யூ. ஜெர்மனியில் விலை ஏறிற்று. வழக்குப் போட்டது, 1994இல் தோற்றது. பிறகு அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. வாழையை ஏற்றுமதி செய்யாத அமெரிக்காவுக்கு இதில் என்ன வேலை? சிக்கிட்டா என்கிற கம்பெனி இருக்கிறதே. 1999இல் 19.14 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியச் சரக்குகள்மீது தண்டவரி விதிக்க அனுமதி பெற்றார்கள். கடைசியில் ஐரோப்பா இறங்கிவந்தது. விண்ட்வர்ட் தீவுகளின் சிறுவிவசாயிகள் பெரும்பாலோர் வாழையை விட்டுப் போனார்கள்.

சிக்கிட்டாவின் பழைய பெயர் யுனைடெட் ஃப்ரூட். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனாகாவில் அதன் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டது. மார்க்வெஸ் நாவல் வழியாக நமக்கு அறிமுகமான படுகொலை. நாம் அதை மாய யதார்த்தம் என்று சிலாகித்து, உத்தி பற்றிக் கட்டுரைகள் எழுதினோம். என்னைக் கேட்டால், அத்தனை ரத்தத்தையும் துடைத்துவிட்டுப் பளபளவென்று நிற்கிற விலைச்சீட்டுதான் பெரிய மாயம். சரக்கின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் எழுதியது இதைத்தான்.

இனி வரியைப் பணமாக்கிப் பார்ப்போம். 2006இல் டன்னுக்கு 176 யூரோ என்றிருந்தது, 2009 ஜெனீவா உடன்பாட்டுக்குப் பின் படிப்படியாக இறங்கி, தனி ஒப்பந்தம் செய்துகொண்ட லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு 2020இல் 75 யூரோ ஆயிற்று. ஒரு பெட்டிக்கு 3 யூரோ 19 சென்ட் இருந்த வரி 1 யூரோ 36 சென்ட் ஆகிவிட்டது. மிச்சம் 1 யூரோ 83 சென்ட். தோட்டக்காரன் மடியில் விழுந்திருக்க வேண்டாமா?

விழாததற்குக் காரணம் விலை நகர்கிற திசை. பால், ரொட்டி, வாழைப்பழம் மாதிரிச் சில பொருள்களின் விலையைத்தான் சனங்கள் மனதில் வைத்திருந்து கடைக்குக் கடை ஒப்பிடுவார்கள். அதனால் பேரங்காடிகள் வாழைப்பழத்தைத் தூண்டில் ஆக்குகின்றன. லாபத்தை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளலாம். ஆல்டி என்கிற ஜெர்மன் மலிவுக்கடை ஒரு பெட்டிக்குக் கொடுக்கிற விலை, ‘ஆல்டி விலை’ என்ற பெயரிலேயே ஐரோப்பியச் சந்தைக்கு அளவுகோலாயிற்று. கடைவிலை முதலில் முடிவாகிறது. அதிலிருந்து பழுக்கவைப்பவர், இறக்குமதியாளர், கப்பல், வரி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே பின்னால் போகிறார்கள். கப்பல்காரனிடமும் சுங்கத்திடமும் பேரம் நடக்காது. கடைசியில் மிஞ்சுவது கூலி ஒன்றுதான். 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே, அடுத்த ஆண்டுக்கான விலையை ஆல்டி இன்னும் குறைக்கப் பார்த்தது. லத்தீன் அமெரிக்க உற்பத்தியாளர் அமைப்புகள் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தன. நியாயமான கூலி, பசுமைச் சான்றிதழ் எல்லாம் கேட்கிற அதே கை விலையையும் அமுக்குகிறதே என்பதுதான் கேள்வி.

உலகிலேயே அதிகமாக வாழை ஏற்றுமதி செய்யும் ஈக்வடார், பெட்டிக்குக் குறைந்தபட்ச விலையைச் சட்டப்படி ஆண்டுதோறும் அறிவிக்கிறது. நீண்டகால ஒப்பந்தம் இல்லாத சிறுவிவசாயி அன்றன்றைய சந்தையில்தான் விற்க வேண்டும். அங்கே சட்ட விலை பெயருக்குத்தான். 2022இல் உக்ரைன் போர் வந்து, பெருமளவு வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யச் சந்தை தடுமாறியதும், பெட்டி விலை சட்ட விலைக்கு வெகு கீழே போயிற்று. அவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள்.