போனில் வந்த பணமும் நோட்டுக் கணக்கும்



புரட்டாசியில் உரமும் விதையும் கடனுக்கு வாங்கி, மாசி பங்குனியில் வத்தலும் பருத்தியும் விற்றுக் கணக்குத் தீர்ப்பது நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசக்காட்டு வழக்கம். நடுவே ஆறு மாசம் ஓடிவிடுகிறது. முன்பெல்லாம் கடைக்காரர் சிட்டை எழுதித் தருவார். கூரையில் செருகி வைப்போம். 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு சிட்டை கேட்பதே குறைந்து போச்சு. "அதான் போன்ல இருக்கே" என்கிறோம்.

போனில் இருப்பது தேதி, தொகை, பேர், 12 இலக்க எண் ஒன்று. எதற்காகக் கொடுத்தது என்பது அதில் இல்லை. எனக்கே நடந்தது. உரக்கடை பாக்கிக்கு மகன் போனிலிருந்து 4,000 ரூபாய் அனுப்பினேன். பங்குனியில் பார்த்தால் என் பேரில் வரவு இல்லை. மகன் பேரில் வந்த பணம் யாருடையது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பாஸ் புத்தகத்தைப் பதிந்து எண்ணைக் காட்டி நேராக்க இரண்டு நாள் அலைந்தேன்.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். வத்தல் விற்றாலும், கிடா விற்றாலும், வீட்டுத் திண்ணையில் பெட்டிக்கடை வைத்திருந்தாலும் விற்கிறவர் வியாபாரிதானே! பணம் வந்த அன்றைக்கே எழுதணும்: யார் வாங்கியது, யார் போனிலிருந்து வந்தது, எத்தனை மூடை, எடை, விலை, பாக்கி, அந்த 12 இலக்கம்.

சந்தையில் வாங்குகிறவர் தன் போனில் பச்சைக் குறியைக் காட்டுவார். அதை நம்பி ஆட்டை அவிழ்த்து விடாதீர்கள். போலிப் படம் காட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா என்று உங்கள் போனிலேயே பாருங்கள். பணம் வாங்க ரகசிய எண் அடிக்க வேண்டியதே இல்லை. அடிக்கச் சொன்னால், உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள்.

சில சமயம் இங்கே கழிந்து அங்கே சேராது. ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதிப்படி, ஆளுக்கு அனுப்பியதானால் மறுநாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியதானால் ஐந்து நாளுக்குள்ளும் பணம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரணும். வங்கியில் முதலில் கேட்பது அந்த 12 இலக்கத்தைத்தான்.

போன் உடைந்தால் செய்திகளும் போய்விடும். மாசம் ஒருமுறை பாஸ் புத்தகத்தைப் பதிந்து நோட்டோடு ஒத்துப் பாருங்கள். அடுத்த புரட்டாசிக்குக் கடன் வாங்குமுன் கடைக்காரர் முன்னால் நோட்டை விரித்து, பழைய பாக்கி தீர்ந்தது என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.