கடற்கொள்ளையும் அரசின் கடமையும்

நடுக்கடலில் கப்பலை மறித்து, மாலுமிகளைப் பிணையாளிகளாக்கிப் பணம் பறிப்பது கடற்கொள்ளையின் ஒரு வடிவம். 1991ஆம் ஆண்டில் சோமாலியாவின் மைய அரசு வீழ்ந்தது; அந்நாட்டுக் கடலைக் காப்பார் இலராயினர். நாளடைவில் அங்குக் கடற்கொள்ளை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2008 முதல் 2011 வரை ஏடன் வளைகுடாவழிச் சென்ற கப்பல்கள் பெரும் அச்சத்திற்கு உள்ளாயின.

பணமா? படையா?

பிணையாளிகளை மீட்கப் பணம் கொடுக்கலாமா என்பது முதல் வினா. உயிரினும் பணம் பெரிதன்று என்பர் ஒரு சாரார். கொடுக்கும் பணமே அடுத்த கொள்ளைக்குப் படகும் துப்பாக்கியும் ஆகும் என்பர் மறுசாரார்.

படை கொண்டு மீட்பதும் எளிதன்று. 2009 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையினர் ‘தானித்’ என்னும் பாய்மரப் படகை மீட்டபோது பிணையாளி ஒருவர் உயிரிழந்தார். இரு நாள் கழித்து, ‘மெர்ஸ்க் அலபாமா’ கப்பலின் தலைவரை அமெரிக்கக் கடற்படை உயிருடன் மீட்டது. வழி ஒன்றே, விளைவு வேறு.

இந்தியா பெற்ற பாடம்

2010 செப்டம்பரில் ‘அஸ்பால்ட் வென்ச்சர்’ கப்பல் பதினைந்து இந்திய மாலுமிகளுடன் கடத்தப்பட்டது. 2011 ஏப்ரலில் பணம் பெற்ற கொள்ளையர், கப்பலையும் எண்மரையும் மட்டுமே விடுவித்தனர். இந்தியக் கடற்படை சிறைப்பிடித்த தம் கூட்டாளிகளை விடுவிக்கக் கோரி, எழுவரைக் கரையில் அடைத்து வைத்தனர். அவர்கள் விடுதலை பெற்றது 2014 அக்டோபரில்தான். பணம் கொடுத்தும் மீட்பு முழுமை பெறவில்லை. கொள்ளையரைப் பிடித்ததன் விலையை எளிய மாலுமிகள் செலுத்தினர்.

சட்டமும் கரையும்

ஆழ்கடலில் கொள்ளையரைப் பிடிக்க எந்நாட்டிற்கும் பன்னாட்டுக் கடல் சட்டம் உரிமை அளிக்கிறது. ஆயினும், உள்நாட்டுச் சட்டம் தெளிவாக இல்லையெனில் அவர்களைத் தண்டிப்பது அரிது. இக்குறையைப் போக்க இந்தியா 2022ஆம் ஆண்டில் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை, ‘ரூயென்’ கப்பலின் பதினேழு மாலுமிகளையும் மீட்டு, 35 கொள்ளையரை மும்பைக்குக் கொணர்ந்து காவல்துறையிடம் ஒப்படைத்தது.

கப்பற்படை கடலைக் காக்கும். சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். ஆனால், கொள்ளையர் புறப்படுவது கரையிலிருந்தே. அக்கரையில் நல்லாட்சியும் நேர்மையான தொழிலும் வேரூன்ற உலக நாடுகள் துணைநிற்றல் வேண்டும். அதுவரை, ஒவ்வொரு முடிவிலும் மாலுமியின் உயிரை முன்னிறுத்துவதே அரசின் கடமையாகும்.