கம்மாய்க் கரம்பையும் ஆட்டுக்கிடையும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மம்சாபுரம் பக்கம் எங்களுக்கு இருப்பது செவல் காடு. பல காலம் குத்தகையில் கிடந்து, உப்பு உரம் மட்டுமே தின்று சோர்ந்த மண். மழை பெய்தால் மேலே ஓடு கட்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடைக்குப் போய்விடும். அதை எழுப்பிவிட்டது கம்மாய்தான்.

மேற்கு மலையில் விழும் மழை ஓடைகளில் இறங்கி, கம்மாய் நிறைந்து, மறுகால் பாய்ந்து அடுத்த கம்மாய்க்குப் போகிறது. மிச்சம் வைப்பாற்றில் சேர்கிறது. வரும் வழியில் சருகு மக்கையும் பொடிமண்ணையும் அள்ளிவந்து படியவிடுகிறது. அதுதான் கரம்பை. களி நிறைந்தது, ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும். செவலுக்கும் மணல்சாரிக்கும் அருமருந்து. கரிசலில் கொட்டினால் வண்டி வாடகைதான் தண்டம். அங்கே களி ஏற்கெனவே அதிகம். கம்மாயில் மேல்படிவை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். கிடங்கு கிடங்காகத் தோண்டுகிறவர்களுக்கு வயல்மேல் அக்கறை இல்லை, செங்கல் சூளை மேல்தான்.

அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வருவார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கிடை போடுவோம். “நாளைக்கு வலையை நகர்த்திருவோம்க்கா. ஒரே இடத்துல அடைச்சா பயிரு மதமதன்னு வளரும், கதிரு பிடிக்காது” என்றார் ஒருவர். கிடை எழுந்த கையோடு உழுதுவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். சுமார் 45 நாளில், பூவெடுக்கும்போதே மடக்கி உழ வேண்டும். முற்றினால் தண்டு மக்காது. களர் நிலத்துக்கும் இது ஏற்றது. 2024-ல் அரசு தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதைக்கும் இடமுண்டு.

அதே ஆண்டு, கம்மாய் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. நல்ல காரியம், முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டும். மண் இலவசம், வெட்டுக்கூலியும் வாடகையும் நம் பாடு. ஆனால் நிலத்துக்குக் காகிதம் கேட்பார்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவரிடம் அது ஏது? காகிதம் இருந்தாலும், பல வருஷம் பலன் தரும் கரம்பையை அடுத்த போகமே கைமாறக்கூடிய காட்டில் அவர் ஏன் கொட்டுவார்? பக்கத்துக் காட்டுக் குத்தகைக்காரர் தக்கைப்பூண்டோடு நிறுத்திக்கொண்டார். அது போட்ட போகத்திலேயே பலனைக் கொடுத்துவிடும்.