உரக்கணக்கு போடும் இணையப் பக்கம்... மூட்டை வாங்கும் முன் சரிபார்ப்பது எப்படி?

உரப் பரிந்துரைகள் பெரும்பாலும் 'ஹெக்டேருக்குத் தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, சாம்பல்சத்து இவ்வளவு' என்றுதான் இருக்கும். உரக்கடையில் கிடைப்பதோ யூரியா, டி.ஏ.பி, பொட்டாஷ் மூட்டைகள். நிலமோ ஏக்கர், சென்ட் கணக்கில் இருக்கிறது. இந்த மூன்றையும் இணைக்கும் கணக்கு புரியாமல், 'போன வருஷம் போட்ட அளவே போதும்' என்று வாங்கி வருபவர்கள் பலர்.

இந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டுக் கொடுக்கும் 'கால்குலேட்டர்' பக்கத்தை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம். கணினி படித்த உள்ளூர்ப் பிள்ளைகளே இதைச் செய்துவிட முடியும். எண்களை நிரப்பும் கட்டங்களுக்கு எச்.டி.எம்.எல், கணக்குப் போட ஜாவாஸ்கிரிப்ட் என்று சில வரி நிரல் போதும். கணக்கு செல்போனிலேயே நடப்பதால், பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால் சிக்னல் போனாலும் வேலை செய்யும்.

உள்ளே நடக்கும் கணக்கு

ஒரு பயிருக்கு ஹெக்டேருக்கு 125:50:50 கிலோ பரிந்துரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். எனவே, ஏக்கருக்குச் சுமார் 50:20:20 கிலோ.

* டி.ஏ.பி-யில் மணிச்சத்து 46%. 20 கிலோ மணிச்சத்துக்கு 43.5 கிலோ டி.ஏ.பி தேவை.

* டி.ஏ.பி-யில் தழைச்சத்தும் 18% உண்டு. அதிலிருந்தே 7.8 கிலோ கிடைத்துவிடும். மீதி 42.2 கிலோவுக்கு மட்டும் யூரியா போட்டால் போதும். யூரியாவில் தழைச்சத்து 46% என்பதால் 91.7 கிலோ. 45 கிலோ மூட்டையில் இரண்டு.

* பொட்டாஷில் சாம்பல்சத்து 60%. 20 கிலோவுக்கு 33.3 கிலோ.

எங்கே தவறும்?

கட்டத்தில் நிரப்பும் எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் முதலில் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதை எண்ணாக மாற்றும் கட்டளை விடுபட்டால், '2 ஏக்கர் 50 சென்ட்' என்பதைக் கூட்டும்போது 2.5 வராது, 2-க்குப் பக்கத்தில் 0.5-ஐ ஒட்டி, 20.5 ஏக்கர் என்று எடுத்துக்கொள்ளும். 5 மூட்டை யூரியா வேண்டிய இடத்தில் 42 மூட்டை என்று காட்டும். இந்தத் தவறு பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஆபத்தானது, கண்ணுக்குத் தெரியாத தவறுதான். டி.ஏ.பி-யில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால், யூரியா 108.7 கிலோ என்று வரும். ஏக்கருக்கு 17 கிலோ அதிகம். பார்த்தால் சரியான அளவு போலவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. நெல்லில் தழைச்சத்து மிகுந்தால் பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். பிறகு புகையான், இலைச்சுருட்டுப் புழு, குலைநோய் தேடி வரும். காற்றடித்தால் கதிரோடு சாயும். ஒரு பக்கத்தில் உள்ள பிழை, அதை நம்பும் அத்தனை பேர் வயலிலும் இறங்கிவிடும்.

வெளியிடும் முன் மூன்று சோதனைகள்

1. ஒரு ஏக்கருக்கு 50:20:20 கொடுத்தால் மேலே உள்ள விடைகள் வர வேண்டும்.

2. 2 ஏக்கர் 50 சென்ட் கொடுத்தால், அந்த விடைகள் இரண்டரை மடங்காக வேண்டும்.

3. தழைச்சத்து 5, மணிச்சத்து 20 என்று கொடுத்தால் யூரியா மைனஸில் வரும். அப்போது பக்கம் மைனஸ் எண்ணைக் காட்டக் கூடாது. 'மணிச்சத்தின் ஒரு பகுதிக்குச் சூப்பர் பாஸ்பேட் பயன்படுத்தவும்' என்று சொல்ல வேண்டும்.

கட்டத்தின் பக்கத்தில் 'ஏக்கருக்கு' அல்லது 'ஹெக்டேருக்கு' என்று பெரிதாக எழுதிவைப்பதும் அவசியம். மாற்றி நிரப்பினால் உரம் இரண்டரை மடங்காகிவிடும்.

கால்குலேட்டர் மொத்த அளவை மட்டுமே சொல்லும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் பருவத்துக்கு ஏற்பப் பிரித்துத்தான் போட வேண்டும். பசுந்தாள் உரம் மடக்கி உழுத வயலுக்கும், தொழுஉரம் நிறைய இட்ட வயலுக்கும் எவ்வளவு குறைக்கலாம் என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் தடவை மட்டும் பேப்பரில் ஒருமுறை கணக்குப் போட்டு, செல்போன் காட்டும் விடையோடு ஒப்பிட்ட பிறகு கடைக்குப் போனால், தேவையான மூட்டை மட்டும்தான் வண்டியில் ஏறும்.