ஜீரோ பாயின்ட்டுல நிக்கிறீங்களா?

"கூடப் படிச்ச பய பெங்களூருல செட்டில் ஆயிட்டான். எனக்கு இன்னும் ரெண்டு அரியர் தொங்குது!"

"சிப்காட்ல நான் ஏறாத கம்பெனி இல்ல. ‘பயோடேட்டாவைக் கொடுத்துட்டுப் போங்க, கூப்பிடுறோம்’னு சொன்னதோட சரி!"

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்லயோ, திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுலயோ கொஞ்ச நேரம் நின்னா இந்த மாதிரி புலம்பல் காதுல விழாம இருக்காது. கடைசியில ஒரு பெருமூச்சு வேற: "சாமிக்கு என் மேல கண்ணே இல்லை!"

கொஞ்சம் பொறுங்க பாஸ்! உங்க திருவள்ளூர் மாவட்டத்துலயே ஒரு கால்வாய் இருக்கு. அதோட கதையைக் கேட்டுட்டு அப்புறம் புலம்பலாம்.

13 வருஷம் வராத தண்ணி

ஊத்துக்கோட்டை பக்கத்துல தாமரைக்குப்பம். ஆந்திராவுலேர்ந்து வர்ற கிருஷ்ணா தண்ணி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற இடம். அந்த இடத்துக்குப் பேரே ‘ஜீரோ பாயின்ட்’தான்!

1983 ஏப்ரலில் தமிழ்நாடும் ஆந்திராவும் ஒப்பந்தம் போட்டன. இங்கே எம்.ஜி.ஆர். முதல்வர், அங்கே என்.டி.ஆர். சென்னையோட தாகம் தீர வருஷத்துக்கு 12 டி.எம்.சி. தண்ணி தரணும்னு முடிவாச்சு. அடுத்த மாசமே பிரதமர் இந்திரா காந்தி சென்னைக்கு வந்து திட்டத்தைத் தொடங்கி வெச்சார்.

தண்ணி எப்ப வந்தது தெரியுமா? 1996 செப்டம்பர்ல! ஒப்பந்தம் போட்ட வருஷம் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த குழந்தை, அப்போ காலேஜ்ல செகண்ட் இயர் படிச்சுக்கிட்டு இருந்திருக்கும். இந்திரா 1984-லயே மறைஞ்சுட்டார். எம்.ஜி.ஆர். 1987-ல. என்.டி.ஆர். 1996 ஜனவரியில, தண்ணி வர எட்டே மாசம் இருக்கும்போது. தொடங்கி வெச்ச மூணு பேருமே பார்க்காத தண்ணி அது.

அந்த 13 வருஷமும் சும்மா போச்சா? இல்லை. ஸ்ரீசைலத்துலேர்ந்து கிளம்புற தண்ணி வெலுகோடு, சோமசிலா, கண்டலேறுன்னு ஒவ்வொரு நீர்த்தேக்கமா தாண்டி வரணும். கண்டலேறுலேர்ந்து ஜீரோ பாயின்ட் வரைக்குமே 152 கிலோமீட்டர். அங்கேர்ந்து பூண்டிக்கு இன்னும் 25 கிலோமீட்டர். சென்னையில காலிக் குடத்தோட நின்னவங்களுக்கு இதெல்லாம் கண்ணுல படலை. குழாயைத் திறந்தா காத்துதான் வந்தது. ஆனா எங்கேயோ மண்ணு வெட்டிக்கிட்டுதான் இருந்தாங்க.

கரை தாங்கணுமே!

கதை அதோட முடியலை. வந்த தண்ணியும் ஒழுங்கா வந்து சேரலை. மண் கரை அரிச்சுப்போச்சு, வழியிலேயே கசிஞ்சுது. 2002-ல புட்டபர்த்தி சத்ய சாய் பாபா கால்வாயைச் சீரமைச்சுத் தர்றதா அறிவிச்சார். கரையைப் பலப்படுத்தி முடிச்ச பிறகு, 2004-ல தண்ணி நல்லபடியா பூண்டிக்கு ஓடி வந்தது.

இதுல நமக்கு ஒரு விஷயம் இருக்கு. ஆண்டவன் தர்றது எப்ப வரும்னு நம்ம கையில இல்லை. ஆனா வர்றப்போ அதைத் தாங்குற கரை நம்ம கையிலதான் இருக்கு. இன்டர்வியூ கார்டு நாளைக்கே வந்துட்டா, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ற அளவுக்கு நீங்க ரெடியா? இல்லேன்னா வந்த வாய்ப்பும் கசிஞ்சுதானே போகும்?

பூண்டி ஏரிக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கு. சென்னை மேயரா இருந்த தீரர் சத்தியமூர்த்தி பாடுபட்டு, 1940-ல அடிக்கல் நாட்டினது. 1943-ல அவர் காலமாயிட்டார். 1944-லதான் நீர்த்தேக்கம் திறந்தாங்க. இன்னிக்கு அதுக்குப் பேரு ‘சத்தியமூர்த்தி சாகர்’. கும்மிடிப்பூண்டி பக்கத்துல கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் 2013-ல ஆரம்பிச்சு 2020-லதான் திறந்தாங்க. நம்ம ஏரியாவுல எந்தத் தண்ணியும் அவசரத்துல வந்ததில்லை!

ரெண்டு வருஷ விருந்தாளி

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீங்க. அமாவாசை கூட்டத்துல குளத்துல வெல்லம் கரைச்சும் இருப்பீங்க. தல புராணம் தெரியுமா?

சாலிஹோத்திர முனிவர் ஒரு வருஷம் பட்டினி விரதம் இருந்தார். தை அமாவாசையன்னிக்கு விருந்தாளிக்குப் படைச்சுட்டுச் சாப்பிடலாம்னு உட்கார்ந்தா, ஒரு முதியவர் வந்து எல்லாத்தையும் சாப்பிட்டுட்டுப் போயிட்டார். முனிவர் கோவிச்சுக்கலை. மறுபடி ஒரு வருஷம் விரதம். அடுத்த தை அமாவாசைக்கும் அதே முதியவர்! சாப்பிட்டு முடிச்சு, படுக்க எந்த இடம்னு கேட்டார். முனிவர் தன் குடிலையே காட்டினார். அங்கே பள்ளிகொண்டவர்தான் பெருமாள். ‘திருஎவ்வுள்’ங்கிற பழைய பேரு வந்தது அந்தக் கேள்வியாலதான்.

முதல் வருஷத்தோட முனிவர் கதவைச் சாத்தியிருந்தா? நீங்க கும்பிடுறது எந்தச் சாமியா இருந்தாலும் இதை யோசிச்சுப் பாருங்க.

பொறுமை வேற, ஏமாளித்தனம் வேற!

‘எல்லாம் அவன் பார்த்துப்பான்’னு டீக்கடையில உட்கார்ந்திருக்கிறது நம்பிக்கை ஆகாது. திருக்குறள்ல ‘காலமறிதல்’னு ஒரு அதிகாரம் இருக்கு. ‘ஆள்வினையுடைமை’ன்னு இன்னொண்ணும் இருக்கு. நேரத்துக்குக் காத்திருக்கணும், உழைக்கவும் செய்யணும். ரெண்டும் சேர்ந்தாதான் கணக்கு சரியா வரும்.

* அரியர் நாலு இருந்தா நாலையும் ஒரே செமஸ்டர்ல தாண்டத் தவிக்காதீங்க. முதல்ல ரெண்டை உருப்படியா முடிங்க.

* ஐ.டி.ஐ. முடிச்சவங்க அப்ரென்டிஸ் காலத்தை வீண்னு நினைக்காதீங்க. அது முடிஞ்சு பரீட்சை பாஸ் பண்ணினா கிடைக்கிற தேசிய சான்றிதழுக்கு மதிப்பு இருக்கு.

* டிரெய்னியா சேரும்போதே எத்தனை மாசம், எவ்வளவு சம்பளம், அப்புறம் என்னன்னு கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. வருஷக்கணக்கா ‘டிரெய்னி’யாவே வெச்சிருந்தா வாயைத் திறந்து கேளுங்க. அங்கே பொறுத்துப்போகச் சொல்லி எந்தச் சாமியும் சொல்லலை!

* பக்கத்து வீட்டுப் பையனோட கால்வாயை அளந்துக்கிட்டு நிக்காதீங்க. அவன் பாதை 25 கிலோமீட்டரா இருக்கலாம். உங்களோடது 152-ஆ இருக்கலாம்.

இன்னிக்கு நீங்க ஜீரோவுல நிக்கிறதா தோணினா கவலைப்படாதீங்க ஃபிரெண்ட்ஸ். நம்ம ஊருக்குத் தண்ணி உள்ளே நுழையுற இடமே ஜீரோ பாயின்ட்தான்!