கல்யாணக் காரை நிறுத்தி வைத்த ஒற்றை போல்ட்டு!

சென்னை—

என்ஜினைப் பிரித்தாகிவிட்டது. வேலை பார்த்தாகிவிட்டது. திரும்பப் பூட்டியும் ஆகிவிட்டது. சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, தரையில் ஒரு போல்ட்டு மிச்சம் கிடந்தால்?

"பழைய வண்டிதானே! ஒரு போல்ட்டு இல்லாவிட்டால் ஓடாதா?" என்று அதைத் தூக்கி டப்பாவில் போடுகிறவர்கள் உண்டு. புதுப்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் அப்படிப் போடவில்லை. அதனால் ஒரு என்ஜின் பிழைத்தது.

இது பற்றிய விவரம் வருமாறு:—

தாத்தா கார்

புரசைவாக்கத்தைச் சேர்ந்த ஒருவர், தனியார் கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய தந்தை வாங்கிய அம்பாசிடர் காரை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார். 1972-ம் வருட "மார்க்-2" மாடல். பல வருடமாக ஷெட்டில் தூங்கிய வண்டி.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "மாப்பிள்ளை அழைப்புக்கு தாத்தா கார்தான் வரணும்" என்று மகள் பிடிவாதம் பிடித்தார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார் அப்பா.

அம்பாசிடரைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" காரைப் பார்த்துச் செய்தது. மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 2014-ம் ஆண்டு உற்பத்தி நின்றுபோனது. மார்க்-2 காரில் இருப்பது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். 4 சிலிண்டர்.

அந்த என்ஜின் முழுவதும் பிரிக்கப்பட்டது. பிஸ்டன் ரிங் புதிது, பேரிங் மெட்டல் புதிது. எல்லாம் பூட்டி, வண்டியில் இறக்கி, ஆயிலும் ஊற்றிவிட்டார்கள். கல்யாணத்துக்கு 3 நாள்தான் இருந்தது.

பையன் கையில் போல்ட்டு

அன்று மாலை பட்டறையைக் கூட்டிய பையன் கையில் ஒரு போல்ட்டு சிக்கியது. விரல் கணு நீளம்தான் இருக்கும். என்ஜின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிய தட்டுக்கு அடியில் கிடந்தது.

பையனுக்கு வயிற்றைக் கலக்கியது. கழுவும் வேலை அவனுடையது. தெருச் சாக்கடை பத்தடி தூரத்தில் இருந்தது. வீசினால் யாருக்கும் தெரியாது.

அவன் வீசவில்லை. நேரே மெக்கானிக்கிடம் போய்க் கையை நீட்டினான். "அண்ணே, இது மிஞ்சிப் போச்சு."

கார்க்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "ஒரு போல்ட்டுதானே, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாமே" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார். இது எந்த இடத்து போல்ட்டுன்னு தெரியாம சாவியைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். 40 வருட அனுபவம் உள்ளவர். பாட்டரி ஒயரையும் கழற்றி வைத்துவிட்டார்.

எந்த வண்டி போல்ட்டு?

விசாரணை ஆரம்பமானது. முதல் கேள்வி: இது இந்த வண்டியுடையதுதானா? ஏனென்றால் பக்கத்திலேயே ஒரு பிரீமியர் பத்மினியும் பிரித்துப் போட்டிருந்தது.

இங்கேதான் மரைக் கணக்கு வருகிறது. பத்மினி, இத்தாலி நாட்டு பியட் கார் வழி வந்தது. அதில் மில்லிமீட்டர் மரை. அம்பாசிடர் என்ஜினோ இங்கிலாந்து வழி. அதில் பெரும்பாலும் அங்குல மரை. இந்த அங்குல மரைக்கும் ஒரு கதை உண்டு. 2-வது உலகப் போரின்போது பிரிட்டன் நட்டு அமெரிக்க போல்ட்டில் ஏறாமல் பெரும் தொல்லையாகிவிட்டது. அதனால் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய 3 நாடுகளும் 1948-ல் கூடி, ஒரே மாதிரி மரைக்கு ஒப்புக்கொண்டன. அந்த வகைதான் அம்பாசிடரில் வந்தது.

வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். உதாரணமாக, 5/16 அங்குல போல்ட்டின் கனம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தலைமுடி கனம்கூட இல்லை. 13-ம் நம்பர் ஸ்பேனர் இரண்டுக்கும் கிட்டத்தட்ட சேரும். ஆனால் ஒன்றில் அங்குலத்துக்கு 24 மரை. மற்றதில் சுமார் 20 மரைதான். மாற்றிப் பூட்டினால் இரண்டு மூன்று சுற்று போகும். அப்புறம் இறுகும். பலம் கொடுத்தால் மரையே போச்சு!

மெக்கானிக் மரை கேஜை எடுத்தார். ரம்பப் பல் மாதிரி விளிம்பு உள்ள சின்னச் சின்னத் தகடுகள் அவை. ஒவ்வொன்றாக போல்ட்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மில்லிமீட்டர் தகடு உட்காரவில்லை. அங்குலத் தகடு பொருந்தியது.

சந்தேகம் போயிற்று. போல்ட்டு அம்பாசிடருடையதுதான்!

உள்ளேயா, வெளியேயா?

அடுத்த கேள்வி, எந்த இடம்? போல்ட்டின் தலையைத் துடைத்துப் பார்த்தார். பெயிண்ட் இல்லை. வெளியே இருக்கும் போல்ட்டாக இருந்தால் தலையில் என்ஜின் பெயிண்ட் ஒட்டியிருக்கும். துரு ஏறியிருக்கும். தண்ணீர் போகும் பக்கமாக இருந்தால் வெள்ளைப் படிவம் இருக்கும்.

இதில் அதெல்லாம் இல்லை. மரை இடுக்கில் கறுத்த ஆயில் பிசின்தான் இருந்தது. தலைக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் அழுத்திய வட்டத் தழும்பும் இருந்தது.

"வருஷக்கணக்கா ஆயில்லேயே குளிச்ச போல்ட்டுடா இது" என்றார் மெக்கானிக்.

ஆனாலும் வெளியே ஒரு சுற்று பார்த்தார்கள். வாட்டர் பம்பு, டைமிங் மூடி, டைனமோ தாங்கி, கியர் பாக்ஸ் கூடு என்று ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைத்து எண்ணினார்கள். எல்லாவற்றிலும் போல்ட்டு இருந்தது. மேல் மூடியைத் திறந்து ராக்கர் பக்கம் பார்த்தார்கள். அங்கேயும் குறையில்லை.

பாக்கி இருந்தது ஒரே இடம்தான், அடியில் இருக்கும் ஆயில் சம்ப்.

ஆயிலை இறக்கினார்கள். என்ஜினை மறுபடி செயின் பிளாக்கில் தூக்கினார்கள். கார்க்காரர் முகம் வெளுத்துவிட்டது. இரவு பத்து மணிக்கு சம்ப் கழன்றது.

டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. ஆயில் உறிஞ்சும் சல்லடையைப் பிடித்திருக்கும் இடத்தில் ஒரு ஓட்டை காலி! மிச்ச போல்ட்டைக் கையாலேயே வைத்துச் சுற்றினார் மெக்கானிக். வெண்ணெய் மாதிரி உள்ளே போயிற்று.

என்ன ஆகியிருக்கும்?

சம்ப்பில் கிடக்கும் ஆயிலை இந்தச் சல்லடை வழியாகத்தான் பம்பு உறிஞ்சுகிறது. கிராங்குக்கும், கனெக்டிங் ராடு மெட்டலுக்கும், கேம் ஷாப்டுக்கும், ராக்கருக்கும் அங்கிருந்துதான் ஆயில் போகவேண்டும். சல்லடை ஒரு பக்கம் ஆடினால் இடுக்கு வழியாகக் காற்று புகுந்துவிடும். பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

பட்டறையில் ஸ்டார்ட் செய்தால் ஒருவேளை ஒன்றும் தெரியாது. கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில் தெரியும். ஆயில் அழுத்தம் விழும். மெட்டல் சூடேறி உருகும். கிராங்கில் கீறல் விழும். என்ஜின் ஜாம் ஆகும். செய்த செலவு அத்தனையும் பாழ். மாப்பிள்ளையை நடுரோட்டில் இறக்கிவிட வேண்டியதுதான்.

மறுநாள் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் சம்ப் பேக்கிங் புதிதாக வாங்கி வந்தார்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கினார்கள். அன்று மாலை என்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது.

இனிமேல் சீட்டு ஒட்டிய டப்பா

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக் கூறிய யோசனை இது: பிரிக்கும்போதே ஒவ்வொரு பாகத்து போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். முடிந்தால் கழற்றிய ஓட்டையிலேயே இரண்டு சுற்று மாட்டி வையுங்கள். பிரிக்கும்முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒன்று மிஞ்சினால், இடம் தெரியும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பையனைத் திட்டினீர்களா என்று அவரிடம் கேட்டோம்.

"எதுக்குங்க திட்டணும்? டப்பா கொடுக்காதது என் தப்பு. திட்டினா அடுத்த தடவை போல்ட்டு என் கைக்கு வராது, சாக்கடைக்குத்தான் போகும்" என்றார்.

மாப்பிள்ளை அழைப்பு குறித்த நேரத்தில் நடந்தது. பூ அலங்காரத்தோடு அம்பாசிடர் தெருவில் ஊர்வலம் வந்தது. பின் சீட்டில் மாப்பிள்ளை. முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில், கார்க்காரர் வாங்கித் தந்த புதுச் சட்டையுடன் அந்தப் பையன்!