நோய் வந்த வழி

கொள்ளைநோய் தோன்றும்போது அதைச் சுமந்துவந்த விலங்கின்மீது பழி சுமத்துவது எளிது. அவ்விலங்கை மனிதரிடம் கொண்டுசேர்த்த வழியை அமைத்தவர் யார் என்று நாம் வினவுவதில்லை. மலேசியாவில் 1998, 1999-ஆம் ஆண்டுகளில் பரவிய நிபா நோய் இவ்வினாவுக்கு விடை தருகிறது.

பழந்தின்னி வௌவால்கள் நிபா வைரசைத் தம் உடலில் தாங்கியும் நோயின்றி வாழ்பவை. பேராக் மாநிலத்தில் பெருகிய பன்றிப் பண்ணைகளை ஒட்டி மாமரங்களும் வளர்க்கப்பட்டன. பழத்தை நாடிவந்த வௌவால்கள் கடித்துப்போட்டவை தொழுவத்தில் விழுந்தன. அவற்றின் வழியே பன்றிகளுக்குத் தொற்று ஏற்பட்டது என்பதே ஆய்வாளர் முடிவு. பெருந்திரளான பன்றிகள் நெருக்கமாக அடைபட்டிருந்தமையால் தொற்று அணையாது நீடித்தது. விற்பனைக்காக அவை தெற்கே நெகிரி செம்பிலானுக்கு ஏற்றிச் செல்லப்பட்டபோது நோயும் உடன்சென்றது. 1999-இல் சிங்கப்பூரின் இறைச்சிக்கூடத் தொழிலாளரையும் அது தாக்கியது.

முதலில் இது கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டமையால் கொசு ஒழிப்பிலேயே காலம் கழிந்தது. 1999 மார்ச்சில் மருத்துவர் சுவா காவ் பிங் புதிய வைரசைக் கண்டறிந்தார். மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். அவர்களுள் 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேலான பன்றிகள் கொல்லப்பட்டன. நோயுற்றோரில் பெரும்பாலோர் பன்றிகளிடையே உழைத்தவர்களே.

வௌவால் புதிதாய் எதுவும் செய்துவிடவில்லை. மரத்தையும் தொழுவத்தையும் சந்தையையும் ஒரே வழியில் இணைத்தவர் மனிதரே. ஆதலின் நோயுற்றோர் இல்லம் செல்லும் நாம், ஆறுதல் மொழிவதோடு நில்லாமல், அவ்வில்லத்தின் சூழலையும் அவர்தம் உழைப்பின் நிலையையும் உற்றுநோக்கக் கற்றல் வேண்டும்.